குட்டைக் குழல் ரிவால்வர் மக்கர் செய்கிறதா? எந்த அறை என்று முதலில் பாருங்கள்

கிரீன் கார்டு வந்த பிறகு, ஹூஸ்டனில் ஒரு பழைய .38 ஸ்பெஷல் (தோட்டா வகையின் பெயர்) ரிவால்வர் வாங்கினேன். ஐந்து ரவுண்டு, இரண்டு அங்குலத்துக்கும் குறைவான குழல், விலை 400 டாலருக்குள். முதல் நாள் ரேஞ்சில், அதாவது சுட்டுப் பழகும் இடத்தில், பத்து முறை சுட்டதில் இரண்டு வெடிக்கவில்லை. தோட்டா சரியில்லை என்று வேறு பெட்டி வாங்கினேன், அதிலும் அப்படியே. துப்பாக்கியே மட்டம் என்று விற்கக் கிளம்பியபோது, பக்கத்துத் தடத்தில் சுட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "எந்த அறையில் நின்றது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை. தோட்டாக்கள் உட்காரும் சுழல் உருளைதான் சிலிண்டர், அதில் ஒரு தோட்டாவுக்கான துளைதான் அறை. ஐந்து ரவுண்டு ரிவால்வர் என்பது ஒரே குழலைப் பங்குபோட்டுக்கொள்ளும் ஐந்து துப்பாக்கிகள். கோளாறு எல்லா அறைகளிலும் வருகிறதா, ஒரே அறையில் திரும்பத் திரும்ப வருகிறதா, இடம் மாறி மாறி வருகிறதா என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆகவே ஒரு மார்க்கர் பேனா எடுத்து, சிலிண்டரின் வெளிப்பக்கத்தில் ஒவ்வொரு அறைக்கும் நேராக 1 முதல் 5 வரை எண் போடுங்கள். வேலை முடிந்ததும் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் போய்விடும்.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1950-இல் கொண்டுவந்த சீஃப்ஸ் ஸ்பெஷல்தான் இந்த வகைக்கு முன்மாதிரி. 1964-இல் தொடங்கிய சார்ட்டர் ஆர்ம்ஸின் அண்டர்கவர், பிரேசிலின் டாரஸ் 85, அதன் பின் வந்த ஆறு ரவுண்டு 856, ரோஸ்ஸி, பிலிப்பைன்ஸிலிருந்து வரும் ஆர்ம்ஸ்கோர் 206 எல்லாம் விலை குறைவான வரிசை. கீழே சொல்லும் சோதனைகள் இவை எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

எதையும் தொடுவதற்கு முன்

சிலிண்டரைத் திறந்து தோட்டாக்களைக் கொட்டி எண்ணுங்கள். ஐந்து போட்டிருந்தால் ஐந்தும் கையில் இருக்க வேண்டும். அவற்றை வீட்டின் வேறொரு ரூமில் வைத்துவிட்டு வாருங்கள். பிறகு ஒவ்வொரு அறையையும் கண்ணால் பார்த்து, சுண்டு விரலால் தொட்டுப் பாருங்கள். டீ குடிக்கப் போய்த் திரும்பினாலும் மறுபடி இதையே செய்யுங்கள். வீட்டில் ட்ரிகர் இழுத்துப் பார்க்க வேண்டுமென்றால் 'ஸ்நாப் கேப்' எனப்படும் போலித் தோட்டாக்கள் கடையில் கிடைக்கும், அவற்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.

சிலிண்டர் சுற்ற இறுகுகிறது, அல்லது மூடவே மாட்டேன் என்கிறது

அதிகம் கேட்கும் புகார் இதுதான். முதல் கேள்வி: காலியாக இருக்கும்போதும் இறுகுகிறதா, தோட்டா போட்டால் மட்டுமா?

காலியாக இருக்கும்போதே இறுகினால், சுட்ட தோட்டாவின் காலிக் கூடுகளை வெளியே தள்ளும் எஜெக்டர் கம்பியை உள்ளே தள்ளி, அதோடு எழும்பும் நட்சத்திரத் தகட்டின் அடியில் பாருங்கள். எரியாமல் மிஞ்சிய பவுடர் துகள் இரண்டு அங்கே ஒட்டியிருக்கும். கடுகில் கால்வாசி கூட இருக்காது, ஆனால் தகடு அந்த அளவுக்கு மேலெழும்பினாலே சிலிண்டரின் பின்பக்கம் துப்பாக்கியின் சட்டத்தில் (ஃபிரேமில்) உரசத் தொடங்கிவிடும். காய்ந்த பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். அந்த இடத்தில் எண்ணெய் விடாதீர்கள், எண்ணெய் இருந்தால் அடுத்த துகள் இன்னும் நன்றாக ஒட்டும். காலிக் கூடுகளைக் கொட்டும்போது குழலை வானத்தைப் பார்க்க நிமிர்த்தினால் துகளும் கூட்டோடு கீழே விழும். குழலைச் சாய்த்துக் கொட்டுகிறவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அடிக்கடி வருகிறது.

அடுத்து சிலிண்டரின் முன்பக்கம். குழலுக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள இடைவெளி பொதுவாக ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 4 முதல் 8 பங்கு வரைதான். ஐம்பது ரவுண்டு ஈயக் குண்டு சுட்டால் அங்கே கரியும் ஈயமும் படியும். இடைவெளி மிகக் குறுகலான துப்பாக்கி ஆரம்பத்தில் நன்றாகச் சுற்றிவிட்டு, சூடு ஏறியதும் இறுகும். நாற்பதாவது ரவுண்டுக்கு மேல் மட்டும் இறுகுகிறது என்றால் சந்தேகம் இங்கேதான் போக வேண்டும். கார் பட்டறைகளில் ஸ்பார்க் பிளக் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் வைத்து அளக்கலாம்.

துடைத்த பிறகும் இறுகினால், ஒரு சுற்றில் எந்த இடத்தில் இறுகுகிறது என்று எண்களைப் பார்த்துக் குறியுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில், உதாரணமாக 4-க்கும் 5-க்கும் நடுவே, என்றால் எஜெக்டர் கம்பியோ கிரேன் எனப்படும் சிலிண்டர் கையோ வளைந்திருக்கலாம். சினிமாவில் மணிக்கட்டை உதறி சிலிண்டரை 'டப்' என்று மூடுவார்களே, அதைச் செய்தால் கிரேன் வளையும். பழைய துப்பாக்கி வாங்கும்போது விற்பவர் அப்படி மூடிக் காட்டினால் நான் அந்தத் துப்பாக்கியை வாங்க மாட்டேன். மூடுவதற்கு இடது கைக் கட்டைவிரலால் மெல்லத் தள்ளினாலே போதும்.

தோட்டா போட்டால் மட்டும் இறுகுகிறது என்றால் இரண்டு காரணங்கள். ஒன்று, பிரைமர், அதாவது தோட்டாவின் அடியில் அடி பட்டதும் பற்றிக்கொள்ளும் சின்ன மூடி, சரியாக அழுந்தாமல் தலை தூக்கி நிற்பது. தோட்டாவைத் தட்டையான மேசைமேல் நிறுத்துங்கள், ஆடினால் அதுதான். வீட்டிலேயே மறுநிரப்பு செய்யும் நண்பர்கள் கொடுக்கும் தோட்டாக்களில் இதைக் கட்டாயம் பாருங்கள்.

மற்றொன்று லேசான அலாய் சட்டம் உள்ள துப்பாக்கிகளுக்கே உரியது. அரைக் கிலோவுக்கும் குறைவான எடையில் உதைப்பு கடுமையாக இருக்கும். முதல் நான்கு ரவுண்டு உதைக்கும்போது துப்பாக்கியும் கூடும் பின்னே வர, காத்திருக்கும் ஐந்தாவதன் குண்டு வராமல் நின்று, கூட்டிலிருந்து முன்னே நழுவும். போதுமான அளவு நழுவினால் அதன் மூக்கு சிலிண்டருக்கு வெளியே நீட்டிக்கொண்டு சட்டத்தில் இடிக்கும், சிலிண்டர் அங்கேயே நின்றுவிடும். சோதிக்க எளிய வழி உண்டு. ஒரு தோட்டாவின் நீளத்தைக் காலிப்பரால் அளந்து, அதைக் கடைசியாகச் சுடும் அறையில் போடுங்கள். நான்கு சுட்டுவிட்டு அதை எடுத்து மறுபடி அளந்து பாருங்கள். நீளம் கூடியிருந்தால் அந்த வகைத் தோட்டாவை அந்தத் துப்பாக்கியில் போடாதீர்கள். துப்பாக்கியைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை.

சிலிண்டர் திறக்கவில்லை

முன்முனையிலும் பூட்டிக்கொள்ளும் வகைகளில் எஜெக்டர் கம்பி தானாகக் கழன்று முன்னே வந்திருக்கும். கம்பி நீண்டுவிட்டதால் பூட்டு விடுபடாது. துப்பாக்கி நிச்சயமாகக் காலி என்றால், கீழிருந்து கம்பியை விரலால் பிடித்துக்கொண்டு சிலிண்டரை மெல்லச் சுற்றி அதை மறுபடி உள்ளே முறுக்க முயலலாம். இன்றைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்களில் அந்த மரை இடதுகை மரை, நாம் பழகிய திசைக்கு எதிர்த் திசையில்தான் இறுகும். திறந்ததும், அறைகளில் காலிக் கூடுகளைப் போட்டுக்கொண்டு இறுக்குங்கள். கூடு இல்லாமல் முறுக்கினால் நட்சத்திரத் தகட்டின் சின்ன ஊசிகள் வளையும்.

உள்ளே தோட்டா இருக்கும்போது திறக்காமல் போனால் இதில் எதையும் செய்யாதீர்கள். ரேஞ்சில் இருந்தால் குழலை மண்மேட்டைப் பார்த்து வைத்தபடி ரேஞ்ச் அதிகாரியைக் கூப்பிடுங்கள். வீட்டில் என்றால் துப்பாக்கி பழுது பார்ப்பவருக்குப் போன் செய்து, தோட்டாவோடு கொண்டுவரலாமா, எப்படிக் கொண்டுவருவது என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

'க்ளிக்' மட்டும் கேட்கிறது, வெடிக்கவில்லை

உடனே மறுபடி ட்ரிகரை இழுக்கத்தான் கை துடிக்கும். பயிற்சியின்போது அதைச் செய்யாதீர்கள். பிரைமர் மெல்லக் கனன்று தாமதமாக வெடிக்கும் வாய்ப்பு அபூர்வம்தான், ஆனாலும் உண்டு. ட்ரிகரை இழுத்தால் அந்தத் தோட்டா குழலுக்கு நேராக இல்லாமல் பக்கவாட்டுக்குப் போய்விடும், அங்கே வெடித்தால் குண்டு போக வழி கிடையாது. குழலை இலக்கைப் பார்த்தே வைத்து முப்பது விநாடி எண்ணுங்கள். பிறகு திறந்து, அந்தத் தோட்டாவின் பிரைமரையும், எந்த எண் அறை என்பதையும் பாருங்கள்.

அடி விழுந்து பிரைமரில் உண்டான தழும்பு நிறையச் சொல்லும். தழும்பு ஆழமாக, நடுவில் இருக்கிறது, அறை எண் ஒவ்வொரு முறையும் மாறுகிறது என்றால் குற்றவாளி தோட்டா. பெட்டியை மாற்றுங்கள்.

தழும்பு எல்லா அறைகளிலும் மேலோட்டமாக இருந்தால் ஹேமர் (பின்னாலிருந்து அடிக்கும் சுத்தி) போதிய வேகத்தில் அடிக்கவில்லை. பழைய துப்பாக்கியில் முன்னாள் சொந்தக்காரர் ட்ரிகரை இலகுவாக்க ஸ்பிரிங்கை மாற்றியிருப்பார், அல்லது வெட்டியிருப்பார். தொழிற்சாலை ஸ்பிரிங்கையே திரும்பப் போடுங்கள். பாதுகாப்புக்கென்று வைத்திருக்கும் துப்பாக்கியில் ட்ரிகர் கனமாக இருப்பதைச் சகித்துக்கொள்ளலாம், வெடிக்காமல் போவதைச் சகிக்க முடியாது. இன்னொரு காரணம் எண்ணெய். உள்ளே கெட்டியான கிரீஸும் துரு விடுவிக்கும் ஸ்பிரேயும் அடித்து அடித்து, மார்கழித் தேங்காய் எண்ணெய் மாதிரி இறுகிப்போயிருக்கும். தையல் மெஷினுக்கு விடுவதுபோல ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் போதும்.

தழும்பே இல்லை என்றால் இரண்டு வழி. டாரஸ், சார்ட்டர் போன்றவற்றில் ஹேமர் நேராக ஃபயரிங் பின்னை, அதாவது பிரைமரைக் குத்தும் ஊசியை, அடிப்பதில்லை. நடுவே ட்ரான்ஸ்ஃபர் பார் என்ற தகடு எழும்பி அடியைக் கடத்துகிறது. கீழே போட்டாலும் வெடிக்காமல் காப்பது இந்த ஏற்பாடுதான். அந்தத் தகடோ பின்னோ உடைந்திருந்தால் தழும்பு விழாது. தகடு எழும்புகிறதா என்று காலித் துப்பாக்கியில் ஹேமரை இழுத்துப் பார்த்தாலே தெரியும். உடைந்திருந்தால் பழுது பார்ப்பவரிடம்தான் போக வேண்டும்.

இன்னொரு வழி நம் விரல். ட்ரிகர் முழுதாக முன்னே வருவதற்குள் அடுத்த இழுப்பைத் தொடங்கினால், சிலிண்டர் சுற்றியும் ஹேமர் அசையாமல் போகலாம். என் மச்சான் தன் துப்பாக்கியைப் பற்றி ஆறு மாதம் குறை சொல்லிக்கொண்டிருந்தார். அதே துப்பாக்கியை என் மனைவி வாங்கி ஐம்பது ரவுண்டு சுட்டாள், ஒன்றுகூடத் தவறவில்லை. "விரலை முழுசா விட்டுட்டு இழுங்க அண்ணா" என்றாள். அவ்வளவுதான் கோளாறு.

தழும்பு ஒரே எண் அறையில் மட்டும் ஓரமாக விழுந்தால், கீழே 'துணுக்கு தெறிக்கிறது' பகுதிக்குப் போங்கள். என் துப்பாக்கியின் கதை அங்கேதான் இருக்கிறது.

சத்தம் 'பொத்' என்று மட்டும் வந்தது

நிறுத்துங்கள். அடுத்த ரவுண்டு சுடவே சுடாதீர்கள். பவுடர் இல்லாத, அல்லது குறைந்த தோட்டாவாக இருக்கலாம். பிரைமரின் வலு குண்டைக் குழலின் நடுவரை தள்ளிவிட்டு அங்கேயே விட்டிருக்கும். அதன் பின்னால் இன்னொன்று வந்தால் குழல் வீங்கும் அல்லது பிளக்கும். முப்பது விநாடி காத்திருந்து, சிலிண்டரைத் திறந்து காலி செய்து, பின்பக்கத்திலிருந்து குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

காலிக் கூடு வெளியே வரவில்லை

இதில் பாதி வடிவமைப்பின் குணம். குழல் குட்டை என்பதால் எஜெக்டர் கம்பியும் குட்டை. .38 ஸ்பெஷல் கூட்டின் நீளம் 1.155 அங்குலம், கம்பி அதில் ஒரு பங்கைத்தான் தள்ளும். மிச்சத்தை ஈர்ப்பு விசைதான் செய்ய வேண்டும். குழலை நேராக மேலே நிமிர்த்தி, உள்ளங்கையால் கம்பியை ஒரே அடியாக, உறுதியாக அடியுங்கள். விரலால் மெல்ல அழுத்தினால் கூடு பாதி வழியில் நிற்கும்.

மெல்ல அழுத்துவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒரு கூடு தகட்டை மீறி நழுவி, அதன் அடியில் மாட்டிக்கொள்ளும். அப்போது தகடு கீழே இறங்காது, சிலிண்டரும் மூடாது. ரிவால்வரில் வரும் சிக்கல்களில் இதை அவிழ்க்கத்தான் நேரம் பிடிக்கும். கம்பியை முழுதாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மாட்டிய கூட்டின் விளிம்பை நகத்தாலோ மரக் குச்சியாலோ வெளியே நெம்புங்கள். ஸ்க்ரூட்ரைவர் வேண்டாம்.

அடிக்கும் முறை சரியாக இருந்தும் வரவில்லை என்றால் மார்க்கர் எண்ணைப் பாருங்கள். ஒரே அறை என்றால் அந்த அறையின் சுவரில் கடைசல் கோடுகள் சொரசொரப்பாக இருக்கும், அல்லது கரி படிந்திருக்கும். வெண்கல பிரஷ்ஷும் கரைப்பானும் வைத்து அந்த ஒரு அறையை நன்றாகத் தேயுங்கள். மணல் தாள் சுற்றி ட்ரில் மெஷினில் ஓட்டும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அறை அகன்றுவிட்டால் திரும்பி வராது.

எல்லா அறைகளிலும் கூடு இறுகி, பிரைமரும் நசுங்கித் தட்டையாகத் தெரிந்தால் அழுத்தம் அதிகமான தோட்டா. ப்ளஸ் பி எனப்படும் அழுத்தம் கூடிய வகையைப் பொறுக்கும் என்று கையேட்டில் எழுதியிருந்தால் மட்டுமே அதைப் போடுங்கள். .357 மேக்னம் துப்பாக்கியில் .38 நிறையச் சுட்டிருந்தால் வேறு காரணம். .357 கூடு .38-ஐவிட 0.135 அங்குலம் நீளம். .38 கூடு முடியும் இடத்தில் கரி வளையம் கட்டும், பிறகு நீளமான .357 அதில் சிக்கும். அந்த வளையத்தைத் தேய்த்து எடுத்தால் போதும்.

ட்ரிகரோ ஹேமரோ அசையவே இல்லை

பயப்பட வேண்டாம், முதலில் சாவித் துளையைத் தேடுங்கள். பல டாரஸ்களில் ஹேமரின் பின்பக்கமும், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்களில் பக்கவாட்டிலும் ஒரு சிறிய பூட்டு உண்டு. கடையில் பூட்டியே கொடுத்திருக்கலாம். அடுத்து, சிலிண்டர் முழுதாக மூடியிருக்கிறதா பாருங்கள். பாதி மூடினால் பல வகைகளில் ட்ரிகர் அசையாது.

ட்ரிகர் பின்னே போய்விட்டுத் திரும்பாவிட்டால் பெரும்பாலும் பாக்கெட் பஞ்சும் வேர்வை உப்பும் சேர்ந்த அழுக்கு. துப்பாக்கியைச் சும்மா பாக்கெட்டில் போடாமல் பாக்கெட் ஹோல்ஸ்டரில் வையுங்கள். ஹூஸ்டன் புழுக்கத்தில் ஸ்டெயின்லெஸ் கூடத் துருப்பிடிக்கிறது, வாரம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடைக்கிறேன். உள்ளே சுத்தம் செய்யப் பக்கத் தகட்டைக் கழற்ற வேண்டுமென்றால் ஸ்க்ரூவின் பள்ளத்துக்கு அச்சாகப் பொருந்தும் ட்ரைவர் வேண்டும். தகட்டை நெம்பாதீர்கள், சட்டத்தை ட்ரைவரின் மரக் கைப்பிடியால் தட்டினால் தானே எழும்பும். சார்ட்டரில் பக்கத் தகடே கிடையாது, தேட வேண்டாம்.

குண்டு கீழே போகிறது

.38-இன் நிலைக் குறிகள் (குறி பார்க்கும் அசையாத முனைகள்) பொதுவாக 158 கிரெய்ன் எடைக் குண்டுக்காக வைக்கப்பட்டவை. லேசான, வேகமான குண்டு, உதைப்பில் குழல் மேலெழும்புவதற்குள் வெளியேறிவிடுவதால் கீழே படும். ஒருமுறை 158 போட்டுச் சுட்டுப் பாருங்கள். அப்போதும் கீழே என்றால், நண்பரிடம் கொடுத்து மூன்று உயிருள்ள தோட்டாவும் இரண்டு காலிக் கூடும் கலந்து போடச் சொல்லுங்கள். காலிக் கூட்டின்மேல் ஹேமர் விழும்போது குழல் தலை குனிந்தால், அது நம் கை பயத்தில் குனிவது. கைப்பிடியைச் சற்றுப் பெரிய ரப்பராக மாற்றினால் இந்தப் பயம் பெருமளவு போய்விடும்.

துணுக்கு தெறிக்கிறது, தழும்பு ஓரமாக விழுகிறது

பக்கத்தில் நிற்பவர் கன்னத்தைத் தடவிக்கொண்டால் சுடுவதை நிறுத்திவிட்டு இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

துப்பாக்கி காலி, ஸ்நாப் கேப் உள்ளே. இடது கை விரலைச் சிலிண்டர் மேல் லேசாக வைத்து இழுவை கொடுத்தபடி, ஹேமரை மிக மெல்லப் பின்னே இழுங்கள். ஹேமர் மறைந்த வகை என்றால் ட்ரிகரை மெல்ல இழுங்கள். ஹேமர் கடைசி நிலைக்கு வருவதற்குள் சிலிண்டர் 'டிக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஐந்து அறைக்கும் பாருங்கள். எந்த அறையில் பூட்டாமல் நிற்கிறதோ, அங்கே அறை குழலுக்கு நேராக வருவதில்லை. குண்டின் ஓரத்தைக் குழலின் வாய் சீவிவிடுகிறது, அந்த ஈயம்தான் தெறிக்கிறது. வேகமாக இழுத்தால் சிலிண்டரின் சுழல் வேகமே அதைக் கொண்டுபோய்ப் பூட்டிவிடும், அதனால்தான் பலருக்கு இது நெடுநாள் தெரிவதில்லை.

இங்கேதான் எண் போட்டது கைகொடுக்கிறது. சிலிண்டரைச் சுற்றுவது உள்ளேயிருந்து எழும்பும் ஒரு நெம்பு, ஐந்து அறைக்கும் அது ஒன்றுதான். அது தள்ளும் பற்கள் நட்சத்திரத் தகட்டில் அறைக்கு ஒன்றாக உள்ளன. ஐந்து அறையும் தாமதித்தால் நெம்பு தேய்ந்திருக்கிறது. ஒன்று மட்டும் தாமதித்தால் அந்த ஒரு பல். இரண்டுமே அரத்தால் நாம் தொடக்கூடாத இடங்கள்.

என் துப்பாக்கியில் தாமதித்தது 3. வெடிக்காத தோட்டாக்கள் அத்தனையும் அந்த அறையில் நின்றவைதான், தழும்பும் ஓரத்தில். தயாரிப்பாளருக்கு எழுதினேன், "வெடிப்பதில்லை" என்று எழுதாமல், "3-ஆம் அறை தாமதமாகப் பூட்டுகிறது, தழும்பின் படம் இணைத்திருக்கிறேன்" என்று. பழுதுக்காகச் சொந்தக்காரரே தயாரிப்பாளருக்கு அனுப்பலாம், அவர்களும் நேராகவே திருப்பி அனுப்பலாம், நடுவில் கடை தேவையில்லை என்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம். மாநிலச் சட்டத்தையும், அனுப்பும் முறையையும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அனுப்பும் முன் சீரியல் எண்ணைக் குறித்து வையுங்கள்.

இன்னொன்று, ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருக்கும் நம்மவர்கள் இதைப் படித்துவிட்டு நண்பரின் துப்பாக்கியைச் சரிபார்க்க வாங்கி வைத்துக்கொள்ள வேண்டாம். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, அந்த விசாக்காரர்கள் துப்பாக்கி வைத்திருப்பதே கூட்டாட்சிக் குற்றம். வழக்கறிஞரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

ஏழு வாரத்தில் துப்பாக்கி திரும்பியது, நட்சத்திரத் தகடு புதிது. மறுபடி மார்க்கரால் எண் போட்டு, 158 கிரெய்னில் நூறு ரவுண்டு சுட்டேன். 3-ஆம் அறையில் மட்டும் இருபது. இருபது பிரைமர்களையும் வீட்டு மேசையில் வரிசையாக நிறுத்திப் பார்த்தேன், தழும்பு எல்லாம் நடுவில். பிறகு ஈயம் பட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.